நீர்மோர் குடித்த தங்கமீன்கள்

கல்யாணமாகிக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த அன்று, வலது காலை எடுத்து உள்ளே வைத்ததும் கூடத்தில் வாசலுக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன். நாலடி நீளம், இரும்புச் சட்டம், உள்ளே எட்டு தங்கமீன்கள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தத் தொட்டியின் முன்னால் நின்றார்கள். முகூர்த்தப் புடவையும் ஒட்டியாணமும் போட்டுக்கொண்டு நின்ற எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் புகுந்த வீடு பாலக்காட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்து தங்கிவிட்ட, மலையாளத்தார் பட்டர் என்று சொல்லும் தமிழ் பிராமண வீடு. வெங்காயத்துக்கே நாள் பார்க்கிற குடும்பம். தெருவில் மீன்கூடை போனால் என் மாமியார் ஜன்னலைச் சாத்துவார். அப்பேர்ப்பட்ட வீட்டில் மீன் எப்படி வந்தது என்றால், மாமனார் கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே மேலதிகாரியாக இருந்த துரை ஊருக்குத் திரும்பும்போது இந்தத் தொட்டியை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தொட்டி வந்த பிறகு மீன் வராமல் இருக்குமா? கல்கத்தாவிலிருந்து வரும் கப்பலில் தெரிந்தவர் ஒருவர் வருஷா வருஷம் தங்கமீன் கொண்டுவந்து கொடுப்பார்.

மாமியார் இதற்கு ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார். "ஜீவனோட நீந்தினா அது மத்ஸ்யாவதாரம். செத்துப் போனாத்தான் மீன்." அதனால் ஒவ்வொரு மீன் சாகும்போதும் கூடத்தைக் கழுவி, எல்லோரும் தலைக்குக் குளிக்க வேண்டும். சித்திரை வெயிலோடு மேட மாதம் வந்தால் அந்த வீட்டில் குளித்துக் குளித்தே எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்துவிடும் என்று என் கணவர் முதல் வாரத்திலேயே சொல்லி எச்சரித்தார். ஓணத்துக்கு வந்து சேரும் மீன்களில் ஒன்று கூட வைகாசியில் இறங்கும் இடவப்பாதி மழையைப் பார்த்தது கிடையாதாம். வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுடும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பிறகு ஒரு நாள் மல்லாந்து மிதக்கும். அன்று மாமனார் சாப்பிடமாட்டார். பெற்ற பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது கூட மனுஷன் ஒருவேளை விடாமல் சாப்பிட்டார் என்று மாமியார் சொல்லிக் காட்டுவார்.

நான் பாலக்காட்டில் இண்டர்மீடியட் முடித்தவள். சயன்ஸ் குரூப். மேலே படிக்க ஆசை இருந்தது. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன், வெறி என்றுதான் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தபோது, "படிக்கட்டுமே, அக்கரையிலே காலேஜ் இருக்கே" என்று இவர்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த யாரோவைக் காணவில்லை. எறணாகுளத்தில் பெண்கள் காலேஜ், தினமும் என் கணவர் பேங்குக்குப் போகிற அதே மோட்டார் போட்டு, அதே படகுத்துறை. ஆனால் பேச்சை எடுத்தால் கணவர், "அப்பாகிட்ட கேளு" என்பார். அவர் நல்லவர். இரண்டு பக்கமும் தலையாட்டுகிற நல்லவர்.

பங்குனி பிறந்து, மீன மாதம் ஒரு நாள் காலை, மாமனார் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது துணிந்து கேட்டுவிட்டேன்.

"படிப்பு படிப்புங்கறயே, அதுல என்னதான் கண்டாய்?" என்றார், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மீனைப் பத்திக்கூடப் படிச்சிருக்கேன் அப்பா. செவுள், இருதயம், எல்லாம் வரைஞ்சு மார்க் வாங்கியிருக்கேன்."

"இருதயம் வரைஞ்சா ஆச்சா? வருஷா வருஷம் என் கண்ணு முன்னால ஒண்ணொண்ணா போறது. உன் படிப்பு அதைத் தடுக்குமோ?"

"தடுக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே இந்த வியாதி உண்டு. வாய் முன்னால் போய் நிற்கும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "சரி. இடவப்பாதி முதல் மழை முற்றத்துல விழறப்போ இந்த எட்டுல நாலாவது நீந்திண்டிருக்கணும். இருந்தா, நானே உன்னைப் போட்டுல கூட்டிண்டு போய்க் காலேஜ்ல சேக்கறேன். நாலுக்கு ஒண்ணு கொறைஞ்சாலும், அப்பறம் இந்த ஆத்துல படிப்புன்னு பேச்சு எடுக்கப்படாது. கேட்டியா?"

கேட்டேன். அடுக்களை வாசலில் மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

முதல் வேலையாகப் பொரியை நிறுத்தினேன். மாமனார் காலையில் குளித்துவிட்டு வந்து, கோயில் குளத்து மீனுக்குப் போடுவது போல ஒரு கைப்பிடி பொரியைத் தொட்டியில் தூவுவார். வெயில் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் பசி என்று நினைத்து இன்னொரு கைப்பிடி போடுவார். தண்ணீர் சூடானால் அதில் காற்று குறையும், மூச்சுக்குத்தான் அவை வாயைத் திறக்கின்றன என்று நான் விளக்கினேன். மிஞ்சின பொரி அழுகி, இருக்கிற காற்றையும் தின்றுவிடும் என்றேன். "மூச்சு முட்டறவனுக்குப் போய் அவல் பொரி குடுத்தேனா நான்?" என்று அவர் முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பட்டினி போடுகிறேனாம்.

அடுத்து, தொட்டியைக் கூடத்திலிருந்து மாற்ற வேண்டும் என்றேன். மத்தியானத்துக்கு மேல் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக அதன்மேல்தான் விழும். அதற்கு மட்டும் அவர் மசியவே இல்லை. "வாசல்ல போறவா பாக்கறதுக்குத்தானே தொட்டி? உள்ள கொண்டு வெக்கறதுன்னா பரணைக்கு மேல போட்டுடலாமே."

சரி, இருந்த இடத்திலேயே குளிர வைப்போம் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி ஈரத்துணியைக் கையில் எடுத்தேன். பாலக்காட்டில் கோடையில் கணவாய்க் காற்று அடிக்கும். மண்பானையை ஈரத்துணியால் சுற்றி ஜன்னலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் பல் கூசும். அதே மாதிரி தொட்டியைச் சுற்றி நனைத்த வேட்டி, மேலே நனைத்த வெட்டிவேர்த் தட்டி. பார்க்க அழகாக, வாசனையாக இருந்தது. மாலையில் முழங்கையை விட்டுப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீர் பதம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மட்டாஞ்சேரி பாலக்காடு இல்லை என்பது. இங்கே சுற்றிலும் காயல். காலையில் உலர்த்திய புடவை சாயங்காலமும் ஈரமாகவே கொடியில் தொங்கும். காற்றே வியர்த்துக்கொண்டிருக்கும் ஊரில் ஈரத்துணி எங்கே காய்வது, தண்ணீர் எங்கே குளிர்வது? போதாக்குறைக்கு, மேலே தட்டியைப் போட்டு இருந்த கொஞ்சம் காற்றையும் நானே அடைத்திருந்தேன். மறுநாள் காலை ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. எல்லோரும் தலைக்குக் குளித்தோம். பாடப்புத்தகத்தில் எழுதியிருந்த ஒன்றை நானே மாமனாருக்குச் சொல்லிக்கொடுத்து, நானே மறந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் மாமனார் தன்னுடைய மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கு எதிரே வைத்து, தண்ணீரின் மேல் காற்றுப் படும்படி திருப்பினார். வீட்டில் இருந்தது அந்த ஒரு மின்விசிறிதான். வேறு யாரும் அதன் ஸ்விட்சைத் தொடக்கூடாது. இப்போது மீன்கள் விசிறிக் காற்று வாங்க, அவர் பக்கத்தில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்து வியர்த்தார். அதைப் பார்த்தபோது பந்தயத்தில் இந்த மனுஷர் எந்தக் கட்சி என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

விசிறி மட்டும் போதவில்லை. விஷு கழிந்ததும் வெயில் இன்னும் ஏறியது. பிறகுதான் ஐஸ் யோசனை வந்தது. எங்கள் தெரு வழியாகத் தினமும் காலையில் ஒரு கைவண்டி போகும். மரத்தூளும் சாக்கும் போட்டு மூடிய ஐஸ் பாளங்கள். இறால் ஏற்றுமதி செய்கிற கிட்டங்கிகளுக்குப் போகிறது. நான் கொல்லைப்புற வாசலில் நின்று வண்டிக்காரரைக் கூப்பிட்டேன்.

"சேச்சி, இது குடிக்கான் பற்றில்லா" என்று, குடிக்க ஆகாதென அவர் கையை ஆட்டினார். "இது மீனினுள்ள ஐஸாணு."

"மீனுக்குத்தான் வேணும்."

அவர் என் நெற்றியைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார், பின்னால் தெரிந்த துளசி மாடத்தைப் பார்த்தார். "பட்டர்மாருடெ வீட்டில் மீனோ?"

"ஆமாம். உயிரோட இருக்கு."

"ஜீவனுள்ள மீனினு ஐஸோ!" என்று அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. செத்த மீனுக்கு ஐஸ் போட்டே பழகியவர் பாவம். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் ஒரு கட்டி உடைத்துக் கொடுத்துவிட்டு, "நம்முடெ மீனினு சுகம் தன்னே?" என்று விசாரிக்காமல் போனதில்லை.

ஐஸ் வந்துவிட்டது, வீட்டுக்குள் எப்படி வருவது? இறால் கிட்டங்கிக்குப் போகிற ஐஸ் தன் ஆத்துக்குள் நுழையக்கூடாது என்று மாமியார் வழி மறித்தார். உள்ளே மீனே இருக்கிறதே அம்மா என்றேன். அது வேறு, இது வேறு என்றார். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஐஸ் கொல்லை வழியாக வரலாம், அடுக்களைப் பக்கம் பார்க்கக்கூடாது, தொட்டவள் உடனே குளிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று குளியல் ஆயிற்று எனக்கு. அந்தக் கோடையில் மீனைவிட நான்தான் குளிர்ச்சியாக இருந்தேன்.

முதல் நாள், கட்டியை நன்றாகக் கழுவி அப்படியே தண்ணீரில் போட்டேன். மீன்கள் கொண்டாடும் என்று எதிர்பார்த்தேன். அவை ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு விறைத்துப்போய் நின்றன. சாயங்காலத்துக்குள் ஒன்று போயிற்று. சூட்டிலிருந்து குளிருக்கு இப்படித் தள்ளினால் மனுஷனே தாங்கமாட்டானே, இது எப்படித் தாங்கும்? இது என் அவசரப் புத்தி. ஆறு மிச்சம்.

அன்று நிஜமாகவே அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தேன். அகல வாய் கண்ணாடி பாட்டில்கள் இரண்டை எடுத்து, ஐஸைத் தூளாக்கி நிரப்பி, மூடியை இறுக்கி, தொட்டியில் மிதக்கவிட்டேன். ஐஸ் தண்ணீரைத் தொடாது, தண்ணீர் மெல்ல மெல்லக் குளிரும். மத்தியானம் பதினோரு மணிக்கு ஒரு ஜோடி, இரண்டு மணிக்கு ஒரு ஜோடி. முழங்கையை விட்டுப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் பதம். ஆறு மீன்களும் பாட்டில்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அதோ, அந்த வெள்ளை வால் பாரு, பாட்டிலோட முதுகைத் தேச்சுக்கறது" என்று தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மேடம் கடைசி வாரம் வரை ஆறும் தாங்கின. நான் மனசுக்குள் புதுப் புஸ்தகங்களுக்கு அட்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள். மாமியார் வெயில் காலத்தில் வாசலில் ஒரு பெரிய பானை நீர்மோர் வைப்பார். சுக்கு, மிளகு மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். யார் கேட்டாலும் ஒரு சொம்பு. அன்று நான் ஐஸைத் தொட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல் வெளுத்திருந்தது. மீன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு கறிவேப்பிலை மிதந்தது.

கறிவேப்பிலை எப்படித் தொட்டிக்குள் வரும்? திரும்பினேன். அடுக்களை வாசலில் மாமியார் காலிச் சொம்போடு நின்றிருந்தார்.

"வெயில்ல வாயை வாயைத் திறந்துண்டிருந்ததுகள்" என்றார் மெதுவாக. "வாசல்ல வந்தவாளுக்கெல்லாம் குடுத்தேன். ஆத்துக்குள்ள இருக்கறதுகளுக்குக் குடுக்காம இருக்கலாமா? மோர் குளிர்ச்சிதானேடி?"

என் தலையில் ரத்தம் ஏறியது. ஐந்து வாரம் வெந்து, குளித்து, மூன்று வேளையும் முழங்கையை நனைத்துக் காப்பாற்றியதை ஒரு சொம்பு மோரில் கரைத்துவிட்டாரே! நன்றாகக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்தே தொட்டியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போடலாம். தாகத்துக்கு மோர் கொடுத்தவரிடம் என்ன சண்டை போடுவது?

அதற்குள் மாமனார் வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "என்ன பண்ணினாய்? யார் பண்ணினது இது?"

"நான்தான் அப்பா" என்றேன். "தண்ணி சுத்தமாகட்டும்னு ஒரு மருந்து போட்டேன். தப்பாப் போயிடுத்து."

"இதாக்கும் நீ படிச்ச லட்சணம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவில் நாலு பேர் நின்றார்கள். மாமியார் வாயைத் திறந்தார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவர் மூடிக்கொண்டார். "எங்கயாவது கொண்டு போய்த் தொலை இந்தத் தொட்டியை! என் கண்ணு முன்னால வேண்டாம்!" என்று மாமனார் துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார்.

கோபத்தில் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். மாமியாரும் நானுமாக மீன்களைத் துணியால் ஏந்தி, முந்தின நாள் நிரப்பி வைத்திருந்த பெரிய மண்பானையில் விட்டோம். தொட்டியைக் காலி செய்தோம். நீர்மோர் குடிக்க வந்த நாலு சுமட்டுக்காரர்களே அதைத் தூக்கிக்கொண்டு போய் உக்கிராண அறையில் வைத்தார்கள். அரிசிப் பத்தாயத்துக்கும் புளிப்பானைக்கும் நடுவில், வெயிலே எட்டிப் பார்க்காத இடம். புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டோம். நான் ஒன்றரை மாதமாகக் கெஞ்சிக் கேட்டது, ஒரு சொம்பு மோரில் நடந்தது. ஆனால் அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு மீன்கள் போய்விட்டன. மிச்சம் நாலே நாலு.

மறுநாள் மாமியார் என்னைத் தனியாக உக்கிராணத்துக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு சின்ன மண் கலயம். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம், அதில் திரித்த தர்ப்பை. "கத்திரியில சிவன் கோயில்ல தாரை கட்டுவாளோல்லியோ? லிங்கத்து மேல ராவும் பகலும் சொட்டிண்டே இருக்கும். சுவாமிக்கே அது போறும்னா இதுகளுக்குப் போறாதா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த மூன்று துளி எந்த மூலைக்கு என்று நினைத்தேன். இருந்தாலும் அவர் மனசுக்காக, வாழைத்தார் தொங்கவிடும் உத்தரக் கொக்கியில் கலயத்தைக் கட்டினோம். ராத்திரி முழுக்க மண்பானையில் ஆறின தண்ணீரை ஊற்றினோம். சொட், சொட் என்று உயரத்திலிருந்து விழுந்து, ஒவ்வொரு துளியும் தண்ணீரை உடைத்துக் குமிழ் விட்டது. பத்து நிமிஷம் ஆகவில்லை. நாலு மீன்களும் அந்தத் துளிக்குக் கீழே வந்து கூடி நின்றன. வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டன.

காற்று! துளி விழும்போது கூடவே காற்றையும் உள்ளே கொண்டு போகிறது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இதை எப்படிச் செய்வது என்று இல்லை. மாமியாரைக் கட்டிக்கொண்டேன். "தொடாதேடி, மடி" என்றார், ஆனால் முகம் மலர்ந்து போயிருந்தது. அதற்குப் பிறகு தாரைக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. எவ்வளவு சொட்டுகிறதோ அவ்வளவை நான் ரப்பர் குழாயால் அடியிலிருந்து எடுத்துக் கொல்லை வாழைக்கு ஊற்றுவேன். மாமனார் இரண்டு நாள் வீம்பு பிடித்துவிட்டு, மூன்றாம் நாள் ஸ்டூலை உக்கிராணத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் போகிறவர்களை, "உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ" என்று அரிசிப் பத்தாயம் வரை கூட்டிவந்து காட்டினார்.

இடவம் பிறந்தது. காலேஜில் மனு வாங்குகிறார்கள் என்று கணவர் சேதி கொண்டுவந்தார். ஒரு விண்ணப்பப் பாரத்தையும் யாருக்கும் தெரியாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். தலையாட்டி மனுஷர் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். மழையைத்தான் காணோம். வானம் மூடிக்கொண்டு, ஒரு இலை அசையாமல், ஊரே மூடி போட்ட பாத்திரத்துக்குள் வெந்தது. இரண்டு நாளாக ஐஸ் ஆலையில் கரண்ட் இல்லை என்று வண்டியும் வரவில்லை. வெள்ளை வால் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்த ஆரம்பித்தது.

மறுநாள் காலையிலிருந்து அதை உள்ளங்கையில் தாங்கித் தாரைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன். கை மரத்துப் போயிற்று. மழையே வா, இன்னும் கொஞ்ச நேரத்தில் வா என்று வேண்டிக்கொண்டேன். உச்சிப்பொழுதில் அதன் செவுள் அடங்கிவிட்டது. நாலு மணிக்கு மழை வந்தது. ஓட்டின் மேல் தடதடவென்று இறங்கி, முற்றம் நிரம்பி, தெருவெல்லாம் பிள்ளைகள் கூத்தாடுகிற சத்தம். நாலு மணி நேரம் முன்னால் வந்திருக்கக்கூடாதா? அந்த மழையை நான் வைது தீர்த்தேன்.

மாமனார் நனைந்த தலையோடு உக்கிராணத்துக்கு வந்தார். "எத்தனை?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மூணு அப்பா."

அவர் குனிந்து பார்த்தார். ஜெயித்தவர் முகமாகவே இல்லை அது. "மூணா?" என்று தனக்குள்ளேயே சொன்னார். "ஒரு வருஷமும் ஒண்ணு கூட மிஞ்சினதில்லையே." விரலை நீட்டி மறுபடி எண்ணினார். என்ன சொல்ல வந்தாரோ தெரியாது. சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்துப் பழக்கமில்லாதவர்.

"ரெண்டு நான் கொன்னது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமியார் தாரைக்கு ஊற்றும் செம்போடு நின்றார். "மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை. அன்னிக்கு மோர் விட்டது நானாக்கும். இவ பழியைத் தன்மேல போட்டுண்டா. தெருவே நின்னு கேக்க அவளைத் திட்டினேளே, அது என்னைத் திட்டியிருக்கணும்."

"மோரா?" என்றார் மாமனார்.

"நீர்மோர்."

"மீனுக்கு?"

"வெயிலா இருந்ததே."

அவர் மீனைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், உதடு துடித்தது. இடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"பெருங்காயம் போட்டிருந்தயோ?" என்று கேட்டார்.

"போடாம அது நீர்மோரா?" என்றார் மாமியார் ரோஷமாக.

மாமனார் பத்தாயத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, "மூணும் ரெண்டும் அஞ்சு. நான் கேட்டது நாலு" என்றார். "அந்தக் காலேஜ்ல மனு என்னிக்குக் குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே என் கணவரைத் தேடிக் கூடத்துக்குப் போனார்.

உக்கிராணத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா சொன்னேள்?" என்றேன். "உங்களுக்குத்தானே தலைகுனிவு?"

"அது பத்து நிமிஷம்" என்றார், கலயத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "என்னால உன் படிப்பு போயிடுத்துன்னா, தினம் தினம் உன் மூஞ்சியை நான் எப்படிடீ பாக்கறது? நேக்குத்தான் பள்ளிக்கூட வாசல் தெரியாது. நீ போயிட்டு வா."

கல்யாணமான நாளிலிருந்து பண்டிகை, விரதம், ஊருக்குப் போவது, ஊரிலிருந்து வருவது என்று எத்தனையோ தடவை யாராவது சொல்லி அவர் காலில் விழுந்திருக்கிறேன். அன்று யாரும் சொல்லவில்லை. ஈரத் தரையில் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கிடந்தேன்.

"மீனைத் தொட்டுட்டு இன்னும் குளிக்கலையேடி நீ!" என்று மேலிருந்து அதட்டினார். அதட்டிக்கொண்டே குனிந்து என் தலையில் கையை வைத்தார். அதை எடுக்கவே இல்லை.